பல கட்டு வீட்டில் லேப்டாப் ஹாட்ஸ்பாட்: வேகம் எங்கே குறைகிறது?

கணினியிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு இணையத்தைப் பகிர்வது செட்டிநாட்டில் பல குடும்பங்களுக்கு வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு. பரம்பரை வீடு பங்காளிகள் பலருக்கும் பொதுவாக இருப்பதால், சுவரில் ஒரு துளை போடுவதற்கும் வளவு எனும் உள்முற்றத்தின் தூணில் ஓர் ஆணி அடிப்பதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். அப்படிக் கேட்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் அதை முன்பிருந்த பளபளப்புடன் பூசித்தரத் தெரிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஃபைபர் இணைப்பு முகப்பு அறையோடு நின்றுவிடுகிறது. அங்கிருக்கும் மோடத்தில் லேப்டாப்பை இணைத்து, அதன் ஹாட்ஸ்பாட்டை வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். வேலை நாட்களில் எனக்கு அலுவலகமே இந்த இணைப்புதான் என்பதால், அதன் வேகம் எங்கே, எதனால் குறைகிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்துவந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போனில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் நம்மில் பெரும்பாலோர் உடனே இணைய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்கிறோம். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோடத்திலிருந்து லேப்டாப் வரை ஒரு பாதை, லேப்டாப்பிலிருந்து போன் வரை இன்னொரு பாதை என இணையம் இரண்டு பாதைகளைக் கடந்து வருகிறது. நிறுவனம் பொறுப்பேற்கக்கூடியது முதல் பாதை தொடங்கும் மோடம் வரை மட்டுமே. ஹாட்ஸ்பாட் மெதுவாக இருப்பதாகச் சொல்லப்படும் வீடுகளில் நான் பார்த்தவரை, குறை பெரும்பாலும் இரண்டாம் பாதையில்தான் இருந்திருக்கிறது. கம்பியில் வந்த வேகம் காற்றில் கரைந்துபோகிறது.

எனவே அளவெடுக்கும் வரிசை முக்கியம். முதலில் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிட்டு லேப்டாப்பில் மட்டும் வேகத்தைச் சோதித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஹாட்ஸ்பாட்டை இயக்கி, ஒரே ஒரு போனை இணைத்து, லேப்டாப்புக்கு இரண்டு மீட்டர் தொலைவில் நின்று அதே சோதனையைச் செய்ய வேண்டும். அதன் பின்னரே வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய் மூன்றாம் முறை பார்க்க வேண்டும். முதல் எண்ணே குறைவாக இருந்தால், மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலுள்ள இணைப்பைப் பார்த்துவிட்டு நிறுவனத்தை அழைக்கலாம். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாம் எண் சரிந்தால் குறை லேப்டாப்பில் வைஃபை அலையை அனுப்பிப் பெறும் ரேடியோவிலோ அமைப்பிலோ இருக்கிறது. இரண்டாவதும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் சரிந்தால் வீட்டின் சுவர்களே காரணம். இந்த மூன்று எண்களும் கையில் இல்லாமல் செட்டிங்ஸை மாற்றத் தொடங்கினால், எந்த மாற்றத்தால் எது சரியானது என்று கடைசிவரை தெரியாது. எண்களை ஒப்பிடும்போது அலகையும் கவனிக்க வேண்டும்: இணைய நிறுவனம் சொல்வது மெகாபிட், கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) இணைப்பில் கோப்பு நொடிக்கு 5 மெகாபைட் வீதம் இறங்கினால் அது முழு வேகம்தான்.

இரண்டாம் எண் சரிவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம், லேப்டாப் இணையத்தை வைஃபையில் வாங்கி அதே வைஃபையில் பகிர்வது. மோடம் முகப்பில் இருக்க, லேப்டாப்பைக் கேபிள் இல்லாமல் பட்டாலை என்ற கூடத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் போடுகிறார்கள். லேப்டாப்பில் இருப்பது பொதுவாக ஒரே ரேடியோ. மோடத்திலிருந்து ஒரு தரவுத் துண்டைப் பெறும் நேரத்தில் அது போனுக்கு எதையும் அனுப்ப முடியாது. போனுக்கு அனுப்பும் நேரத்தில் மோடத்திடமிருந்து எதையும் பெற முடியாது. ஒவ்வொரு துண்டும் காற்றில் இருமுறை பயணம் செய்வதால் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வைஃபையின் வழக்கமான இரு அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் முதலாவதில், ஓர் ஆன்டெனா மட்டும் உள்ள, வைஃபை 4 எனும் பழைய வகைக் கருவிக்குச் சாதாரண அகலச் சானலில் (அலைவரிசையின் ஒரு பிரிவில்) கிடைக்கும் உச்ச லிங்க் வேகம், அதாவது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வேகம், 72 எம்பிபிஎஸ். வைஃபையின் சொந்த நடைமுறைச் செலவுகள் போக உண்மையில் கையில் கிடைப்பது 40 எம்பிபிஎஸ் அளவில்தான். அதையே வாங்கவும் கொடுக்கவும் பங்கிட்டால் போனுக்கு 20 எம்பிபிஎஸ் சேர்வதே நல்ல நிலை. நிறுவனத்திடம் 100 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியிருந்தாலும் 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியிருந்தாலும் இந்த 20 மாறாது. வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறி மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இதோடு இன்னொரு கட்டுப்பாடும் சேர்கிறது. பல லேப்டாப்புகளின் வைஃபை கார்டு ஒரே நேரத்தில் ஒரே சானலில்தான் இயங்கும். லேப்டாப் மோடத்துடன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் அதன் ஹாட்ஸ்பாட்டும் அங்கேயே கிடக்கும். செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் அது நிலைக்காது, அல்லது ஹாட்ஸ்பாட்டே இயங்க மறுக்கும். இதற்கு ஒரே நேரான தீர்வு, மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் இடையே லேன் கேபிள் போடுவது. அப்போது ரேடியோ முழுவதும் பகிர்வதற்கு மட்டும் கிடைக்கிறது. ஃபைபர் இல்லாமல் மொபைல் இணையத்தை நம்பியிருக்கும் வீட்டில், போனிலிருந்து வைஃபை வழியாக லேப்டாப்புக்கு எடுப்பதற்குப் பதிலாக யூஎஸ்பி கேபிள் மூலம் டெதரிங் செய்தால் (போனின் இணையத்தைப் பகிர்ந்தால்) அதே பயன் கிடைக்கும்.

கேபிள் போட்டாயிற்று என்பதற்காக அதை நம்பிவிடவும் கூடாது. ஜிகாபிட் இணைப்புக்கு லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளும் தேவை. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காமல் இருந்தாலோ, எலி ஓரிடத்தில் கடித்திருந்தாலோ இணைப்பு அறுந்துபோகாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கலாம். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பக்கத்தைத் திறந்தால் லிங்க் வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருந்தும் சோதனையில் எப்போதும் 94, 95 என்றே நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கேபிளைத்தான்; அல்லது லேப்டாப்பின், மோடத்தின் துளை 100 மட்டுமே தாங்கும் பழைய வகையாக இருக்கலாம்.

விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில், எந்த இணைப்பைப் பகிர்வது என்ற தெரிவுக்குக் கீழே, எதன் வழியாகப் பகிர்வது என்று இன்னொரு தெரிவு இருக்கிறது. அதில் வைஃபை, புளூடூத் என இரண்டு உண்டு. யாரோ தெரியாமல் புளூடூத்தைத் தொட்டுவிட்டால், எவ்வளவு நல்ல இணைப்பாக இருந்தாலும் ஓரிரண்டு எம்பிபிஎஸ்தான் வரும். ஒரு நொடியில் பார்த்துவிடக்கூடிய விஷயம் என்பதால் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி சுவர்களுக்கு வருகிறேன். நம் ஊர் வீடுகளில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இதுதான். வைஃபை பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள் என்பது. வேகத்தைப் பொறுத்தவரை அது சரியே: வைஃபை 5 வகையில் ஓர் ஆன்டெனா உள்ள போனுக்கே 433 எம்பிபிஎஸ் லிங்க் வேகம் கிடைக்கிறது. ஆனால் அலைவரிசை உயர உயர அலை சுவரை ஊடுருவும் திறன் குறைகிறது. நகரத்து அடுக்குமாடியில் அறைகளுக்கு நடுவே இருப்பது அரைச் செங்கல் சுவர். இங்கோ முகப்புக்கும் வளவுக்கும் நடுவிலேயே ஒரு முழ அளவுக்குத் தடித்த செங்கல் சுவர். அதற்கப்பால் வளவைச் சுற்றியுள்ள அறைகளின் சுவர்கள், பிறகு இரண்டாங்கட்டு, அதன் பின்னால் அடுப்படி. லேப்டாப்பை முகப்பின் ஓரத்து அறையில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால், வளவின் எதிர்மூலை அறையில் ஹாட்ஸ்பாட்டின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் பெயர் தெரியும், இணையவும் செய்யும். வேகம் மட்டும் மிகக் குறைவாக இருக்கும்.

ஆனால் இந்த வீடுகளைக் கட்டியவர்கள் நமக்கு ஒரு வழியையும் விட்டுவைத்திருக்கிறார்கள். முகப்பு நிலைவாசலில் நின்று பார்த்தால், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்போது, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி கடந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். அலையும் அந்தக் கோட்டில் தடையில்லாமல் போகும். லேப்டாப்பை ஓரத்து அறையிலிருந்து எடுத்து, இந்த வாசல் கோட்டில், மேசை உயரத்தில், முற்றத்தைப் பார்த்தபடி வைத்துவிட்டுச் சோதித்தேன். இரண்டாங்கட்டின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர்களின் போனில், முன்பு பிடிக்கவே மறுத்த 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் நிதானமாகப் பிடித்தது. லிங்க் வேகம் இருநூறுக்குக் குறையாமல் நின்றது. நிலைக்கதவைச் சாத்தினால் அது இறங்கியது, திறந்தால் மீண்டும் ஏறியது. கனமான பர்மா தேக்குக் கதவும் அதிலுள்ள இரும்புப் பட்டைகளும் குமிழ்களும் அலைக்குத் தடை என்பதைக் கண்ணெதிரே காண முடிந்தது. ஆண்ட்ராய்ட் போன்களில் வைஃபை பெயரைத் தொட்டால் வரும் விவரப் பக்கத்திலேயே பெரும்பாலும் இந்த லிங்க் வேகம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் மெதுவாக நடந்தால், எந்த இடத்தில் அலை நல்லபடியாக வருகிறது, எந்தத் திருப்பத்தில் விழுகிறது என்பது சில நிமிடங்களில் புரிந்துவிடும்.

இந்த வாசல் கோட்டிலிருந்து விலகி, வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் இருப்பவர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் பொருத்தம். அறைக்குள் சுவரோடு ஒட்டி உட்காராமல், வளவைப் பார்த்த கதவுக்கு அருகில் உட்கார்ந்தாலே வேறுபாடு தெரியும். லேப்டாப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரும்பு பீரோ, எவர்சில்வர் அண்டாக்கள் அடுக்கிய அலமாரி, பழைய பெல்ஜியம் கண்ணாடி ஆகியவை அலையை உறிஞ்சுவதைவிடத் திருப்பி அனுப்பும். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பதே அதற்குக் காரணம்.

அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே என்பதால், காரைக்குடி நகருக்குள் வீடுகள் நெருங்கிய தெருக்களில் இது உண்மையான சிக்கல். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களிலோ தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே அலைநெரிசலைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் பொருந்தாது.

வீட்டில் பலரும் கூடும் நாட்களில் வரும் சிக்கல் வேறு வகையானது. முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லோரும் வந்திருந்த ஒரு மாலையில், அப்பத்தா போனைக் கையில் ஏந்தியபடி வந்து, “அப்பு, பேத்தி பேசுறது கேக்குது, முகம்தான் அப்படியே நின்னுபோச்சு. நெட்டு போயிருச்சா?” என்று கேட்டார்கள். “நெட்டு இருக்கு அப்பத்தா, இந்த வாசல் பக்கமா வந்து உக்காருங்க” என்று இடம் மாற்றி உட்காரவைத்தும் முழுமையாகச் சரியாகவில்லை. வீடியோ அழைப்புக்கு ஓரிரண்டு எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். லேப்டாப்பில் அதைப்போலப் பல மடங்கு வேகம் இருந்தது. அழைப்பு உறைந்து நிற்பதற்குக் காரணம் தரவுத் துண்டுகள் தாமதமாகவும் ஒழுங்கற்றும் வருவது. அந்த மாலையில் எடுக்கப்பட்ட படங்களையும் வீடியோக்களையும் வீட்டிலிருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தாமாகவே கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. ஏற்றும் திசை நிரம்பிவிட்டால் இறக்கும் திசையும் தடுமாறும். ஏனென்றால் ஒவ்வொரு கோரிக்கையும் ஒப்புகையும் அந்த ஏற்றும் வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். படக் காப்பை இரவு வரை நிறுத்திவைக்கும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டதும் அப்பத்தாவின் அழைப்பு சீரானது. லேப்டாப்பிலேயே ஓடும் ஒன்டிரைவ் ஒத்திசைவும் விண்டோஸ் அப்டேட்டும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. இணைப்பை மீட்டர்டு (தரவு அளவானது) என்று குறித்துவைத்தால் அவை பெருமளவு அடங்கும்.

இத்தகைய தாமதம் காற்றிலா, வெளி இணையத்திலா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. விண்டோஸ் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கருவியின் முகவரியும் 192.168.137 என்று தொடங்கித் தெரியும். லேப்டாப்பிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் (பதில் வரும் நேரத்தைக் காட்டும் சோதனை) அனுப்பிப் பார்த்தால், காற்று நன்றாக இருக்கும்போது பதில் சில மில்லிநொடிகளில் வரும். அது நூறு, இருநூறு என்று துள்ளினாலோ இடையிடையே பதிலே வராமல் போனாலோ குறை வீட்டுக்குள்தான். இதைச் செய்யும்போது போனின் திரை அணையாமல் இருக்க வேண்டும். திரை அணைந்தால் போன் தன் வைஃபையை மின்சேமிப்புக்கு இறக்கிவிடும், எண்கள் தாமாகவே ஏறிவிடும்.

ஒரே ஒரு பழைய போன் எல்லோரையும் மெதுவாக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. வைஃபையில் பகிரப்படுவது உண்மையில் நேரம். தொலைவிலுள்ள பின்கட்டிலிருந்து 6 எம்பிபிஎஸ் லிங்க் வேகத்தில் ஒரு கருவி வீடியோ பார்த்தால், அதே அளவு தரவுக்கு அது எடுத்துக்கொள்ளும் காற்று நேரம், அருகிலிருக்கும் நல்ல போன் எடுத்துக்கொள்வதைவிடப் பல மடங்கு அதிகம். மற்றவர்கள் அது முடியும் வரை காத்திருக்கிறார்கள். அந்த ஒரு கருவியைச் சற்று அருகே கொண்டுவருவது, புதிய ரூட்டர் வாங்குவதைவிடப் பயன் தரும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் எட்டுக் கருவிகள் வரைதான் இணைய முடியும் என்பதும் கூட்டமுள்ள நாட்களில் நினைவிருக்கட்டும். ஒன்பதாவது போன் இணையாமல் இருப்பது வேகக் குறைவினால் அல்ல.

லேப்டாப்பைச் சார்ந்த சில சிறு காரணங்களும் உண்டு. மின்சாரம் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடத் தொடங்கியதும் வைஃபை கார்டு மின்சேமிப்பு முறைக்கு மாறிவிடலாம். பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டர் என்ற பகுதி இருந்தால் அதை மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் என்று வைக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி 3 துளையில் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதிக்க வேண்டும். யூஎஸ்பி 3 கேபிள்களும் இணைப்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையே விளக்கியிருக்கிறது. புளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. வைஃபை டிரைவரை விண்டோஸ் தருவதோடு விட்டுவிடாமல், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போடுவது நல்லது. அலுவலக லேப்டாப்பாக இருந்தால், அனுமதி இருக்கும்பட்சத்தில், அலுவலக வலையோடு இணைக்கும் விபிஎன்னை நிறுத்திவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பின்கட்டில் வேகம் போதாமல் இருந்தால், லேப்டாப்பால் அதற்கு மேல் முடியாது என்று ஏற்றுக்கொண்டு, ஒரு தனி ஆக்ஸஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) வாங்குவதே சரி. சுவரைத் தொட வேண்டியதில்லை. மோடத்திலிருந்து புறப்படும் கேட்6 வகை லேன் கேபிளை அந்த வாசல் கோட்டிலேயே, நிலைப்படியின் ஓரமாக, கால் தடுக்காமல் தட்டையான கேபிள் மூடியின் கீழ் கொண்டுபோய் இரண்டாங்கட்டில் முடிக்கலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இரு அலைவரிசையும் உள்ள கருவியாகப் பார்த்து வாங்கி, அதை ரூட்டராக அல்லாமல் ஆக்ஸஸ் பாயிண்ட் முறையில் அமைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் மோடத்தின் வைஃபை 1ஆம் சானலில் இருந்தால் இதை 6இலோ 11இலோ வைக்க வேண்டும். அது இயங்கத் தொடங்கிய அன்றே லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் போன்கள் பழக்கப்பட்ட பழைய பெயரையே தேடிப் பிடித்துக்கொண்டிருக்கும்.